கழுதைப்புலியின் உயரத்தில்

முடிஞ்சா வா என்றால் வா என்று அர்த்தமா, வராவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது என்று அர்த்தமா? பூங்கோதை இதை மூன்று நாளாக யோசித்தாள். மாதேஸ்வரன் அனுப்பியது அந்த இரண்டே வார்த்தை, கூடவே அழைப்பிதழின் படம்: கானுயிர்ப் புகைப்பட விருது விழா, ஞாயிறு மாலை ஐந்தரை மணி, அவிநாசி சாலையில் ஒரு கல்லூரியின் அரங்கம். எட்டு வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தவன், அதற்குப் பிறகு இரண்டு வருஷமாகத் தனியாக இருப்பவன், நாளைக் காலை குடும்ப நீதிமன்றத்தில் அவளுக்குப் பக்கத்தில் நின்று, ஆமாங்கய்யா பிரிஞ்சுக்க எனக்குச் சம்மதம் என்று சொல்லப் போகிறவன், முடிஞ்சா வா என்று எழுதினால் அதை எந்த அகராதியில் போய்ப் பார்ப்பது? போகக்கூடாது என்று சனிக்கிழமை ராத்திரி முடிவு பண்ணினாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சேலைக்கு இஸ்திரி போட்டாள். சும்மாதான் போடுகிறேன், நாளைக்குக் கோர்ட்டுக்கு வேண்டுமே என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டாள், தன்னிடமே பொய் சொல்வதில் அவளுக்கு நல்ல பழக்கம் உண்டு. இப்போது அதே சேலையில் ஏழாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். ஏசி பிடரியில் அடிக்கிறது. மேடையில் குத்துவிளக்கின் ஐந்து திரிகளில் இரண்டு பற்றிக்கொள்ளவில்லை. ஒருவர் தீப்பெட்டி தேட, இன்னொருவர் மின்விசிறியை நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டுகிறார். முதல் வரிசையில் மாதேஸ்வரனின் பின்தலை தெரிகிறது. உச்சியில் முடி இன்னும் கொஞ்சம் கொட்டிவிட்டது. யார் முடிவெட்டிவிட்டார்களோ, வலது காதோரம் ஏறியும் இடது காதோரம் இறங்கியும் இருக்கிறது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்து இருக்கை அம்மாள் கைப்பையிலிருந்து கடலைமிட்டாய் எடுத்து நீட்டி, "உங்குளுது எதுங்க?" என்றாள். எந்தப் படம் உங்கள் வீட்டுக்காரருடையது என்று கேட்கிறாள். அவள் கணவர் பல் டாக்டராம், மீன்கொத்திப் படம் கடைசிச் சுற்றுக்கு வந்திருக்கிறதாம். கழுதைப்புலி என்று சொல்ல பூங்கோதை வாயெடுத்தாள், பிறகு, சும்மா பார்க்க வந்தேனுங்க என்று சொல்லி மிட்டாயை வாங்கிக்கொண்டாள்.

சும்மா பார்க்க வரவில்லை. ஒன்றைத் தெரிந்துகொள்ள வந்தாள். வக்கீல் அம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார்: ஆறு மாதம் முடிந்தது, நாளை பத்தரை மணிக்கு இரண்டாவது முறை கூப்பிடுவார்கள், ரெண்டு பேரும் வந்து சம்மதம் என்றால் முடிந்தது, ஒருத்தர் வராவிட்டாலும், வந்து மனசில்லை என்று சொன்னாலும் மனு அப்படியே விழுந்துவிடும். அந்தக் கடைசி வாக்கியம் பூங்கோதையின் காதில் புகுந்த ஈ போல இன்னும் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒருத்தர் வராவிட்டாலும். போகாமல் இருந்துவிட்டால்? ஆனால் எதை வைத்துப் போகாமல் இருப்பது? அவன் மனதில் அது இருக்கிறதா இல்லையா என்று தெரிய வேண்டாமா? நாலு வருஷமாகத் தெரியாத ஒன்று, கேட்டுவிட்டால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும் ஒன்று. கேட்டால் அவன் ஆமாம் என்று சொல்லிவிடுவானோ என்ற பயத்தில் கேட்காமலே ஒரு கல்யாணத்தை முடித்துக்கொள்ளும் அளவுக்கு வந்தாயிற்று. சொல்லாத சொல்லுக்கு விலை இல்லை என்பாள் அவள் அம்மா. விலை இல்லையா? பூங்கோதை கொடுத்ததைக் கேட்டால் அம்மா அந்தப் பழமொழியையே விட்டுவிடுவாள். ஒரே ஒரு வார்த்தை, அதனால் இல்லை, நீ தவழ்ந்ததால் இல்லை என்று அவன் சொல்லியிருந்தால் போதும். இன்றைக்குச் சொன்னாலும் போதும். அதற்குத்தான் வந்தாள். விருது விழாவில் அவன் அதை எப்படிச் சொல்வான், மைக்கைப் பிடித்துக்கொண்டா சொல்வான்? ஆசைக்குப் புத்தி ஏது.

தலைமை விருந்தினர் பேச எழுந்தார், வனத்துறையில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். காடு நம் தாய் என்று ஆரம்பித்தார். இனி நாற்பது நிமிஷத்துக்குத் தாய் உட்கார மாட்டாள். பூங்கோதை மடியில் கைகளைப் பார்த்தாள். இடது உள்ளங்கையில் பழைய முள் தழும்பு. மாயாற்றுப் பள்ளத்தாக்கின் உடைமுள். அந்தக் கையும் இந்த முழங்கால்களும் எத்தனை தடவை தவழ்ந்திருக்கின்றன என்று எண்ணினால் எந்தக் குழந்தையும் தோற்றுவிடும். கேமரா ட்ராப் என்பது மரத்தில் கட்டிவிட்டு வரும் ஒரு பெட்டி, எதிரே சூடான உடம்பு எது கடந்தாலும் தானே படம் எடுத்துக்கொள்ளும். கட்டுவது பெரிய காரியமில்லை, எந்த உயரத்தில் கட்டுவது என்பதுதான் காரியம். அரையடி ஏறினால் மிருகத்தின் முதுகுதான் விழும், அரையடி இறங்கினால் வெறும் கால்கள். அதனால் ஒருவர் மரத்தடியில் உட்கார்ந்து பெட்டியைச் சாய்த்தும் நிமிர்த்தியும் பிடிக்க, இன்னொருவர் அந்த மிருகத்தின் உயரத்துக்குக் குனிந்து, நாலு காலில், எதிரே தவழ்ந்து போக வேண்டும். பெட்டியில் சிவப்பு விளக்கு மின்னினால் பிடித்துவிட்டது என்று பொருள். பெட்டி ஒவ்வொன்றிலும் முதல் படம் புலியோ கரடியோ அல்ல, தவழும் மனுஷன்தான். இது படம் எடுக்கிறவர்கள் மட்டும் பார்த்துச் சிரித்துவிட்டு அழிக்கும் படம். மாதேஸ்வரன் அழிக்க மாட்டான். குள்ளமாகவும் ஒல்லியாகவும் இருந்ததால் தவழ்வது எப்போதும் பூங்கோதையின் வேலை. மானுக்கு முழங்கை மடக்காமல், முள்ளம்பன்றிக்கு வயிறு மண்ணில் பட, கழுதைப்புலிக்கு முன்பக்கம் உயர்ந்து பின்பக்கம் தாழ்ந்து. கழுதைப்புலியாகப் போக அவளால் மட்டும்தான் முடியும் என்று அவன் எல்லாரிடமும் சொல்வான், பொண்டாட்டியைப் பற்றி வேறு எவனும் அப்படிப் பெருமை பேசியிருக்க மாட்டான். அவளுக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. எல்லாரும் அசிங்கம் என்று முகம் சுளிக்கும் அந்த மிருகத்தைத்தான் இரண்டு பேரும் தேர்ந்தெடுத்துக்கொண்டு பின்னால் அலைந்தார்கள். அதன் எச்சம் சுண்ணாம்புக் கட்டி போல் வெள்ளையாகக் கிடக்கும் மேட்டை முதலில் பார்த்தவள் அவள்தான். இங்கே வரும், எழுதி வெச்சுக்கங்க என்று சொன்னாள். அவன் எழுதி வைத்துக்கொண்டான்.

அன்றைக்கும் அந்த மேட்டில்தான். பொங்கல் முடிந்து மூன்றாம் நாள், ஜனவரி பதினேழு. மூன்று மாதம் என்று பொங்கலுக்குத்தான் இரண்டு வீட்டிலும் சொல்லியிருந்தார்கள், மாமியார் அவளைக் கரும்பு கூடக் கடிக்க விடவில்லை. மாதேஸ்வரன் பெட்டியைக் கட்டிவிட்டு, இரு நான் போறேன் என்று எழுந்தான். எழுந்தானா? எழுந்தான், அது நன்றாக ஞாபகம் இருக்கிறது, முழங்காலில் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தான். அவள்தான், உங்க தொப்பையைப் பாத்தா கேமரா காட்டுப்பன்னின்னு எழுதிக்கும் என்று சொல்லிவிட்டுக் குனிந்தாள். எட்டடி தூரம். மண் குளிர்ந்திருந்தது. காய்ந்த புல் முழங்கையில் குத்தியது. நடுவில் நின்று பெட்டியைப் பார்த்து நாக்கை நீட்டினாள். ஏன் நீட்டினாள்? சந்தோஷமாக இருந்தாள், வேறென்ன. வயிற்றுக்குள் இருந்ததும் சேர்ந்து தவழ்கிறது, அதற்கு இதுதான் முதல் தவழல் என்று நினைத்தாள். அதை அவனிடம் சொல்லவில்லை, வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டாள். பதினோரு நாள் கழித்து எல்லாம் முடிந்தது. டாக்டரம்மா, இது யார் தப்பும் இல்லம்மா, தவழ்ந்ததுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது என்று படம் போட்டுக்கூடக் காட்டினார். ஆனால் டாக்டர் சொன்னது ஒரு காதில் நுழைந்தது, மாமியார் சொன்னது இரண்டு காதிலும் நுழைந்து உட்கார்ந்துகொண்டது. சமையலறை வாசலில் நின்று, யாரிடமும் சொல்லாதது போல, "மூணாம் மாசத்துல நாலு கால்ல போனா அது எப்படித் தங்கும்?" அவ்வளவுதான். கிழவியை அவள் மன்னித்துவிட்டாள், வாயில் வந்தது, கொட்டிவிட்டாள். கூடத்தில் மாதேஸ்வரன் உட்கார்ந்து பென்சில் பேட்டரிகளை ஒவ்வொன்றாகச் சார்ஜரில் சொருகிக்கொண்டிருந்தான். கேட்காத தூரமில்லை. ஒரு பேட்டரியைச் சொருகினான், இன்னொன்றை எடுத்தான், துடைத்தான், சொருகினான். அவன் வாயில் அன்றைக்கு என்ன கொழுக்கட்டையா இருந்தது? எட்டு பேட்டரி. எட்டும் முடிந்தபின் எழுந்து சாப்பாடு ஆச்சா என்று கேட்டான். ஆக அவனும் அப்படித்தான் நினைக்கிறான். அந்தக் கூடத்திலிருந்துதான் எல்லாம் தொடங்கியது: அவள் காட்டுக்குப் போவதை நிறுத்தியது, கல்லூரியில் விலங்கியல் வகுப்பு எடுக்கச் சேர்ந்தது, அவன் காட்டிலேயே தங்க ஆரம்பித்தது, வீடு திரும்பும் நாட்களில் இரண்டு பேரும் விருந்தாளிகள் போல ஒருவருக்கொருவர் தண்ணீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டது. அவன் எதையும் சொல்லவில்லை. அவன் சொல்லாததை எல்லாம் அவளே அவனுக்காகச் சொல்லிக்கொண்டாள், அவன் குரலிலேயே.

கைதட்டல். தாய் ஒருவழியாக உட்கார்ந்துவிட்டாள். பூச்சிகள் பிரிவு, பிறகு பறவைகள். மீன்கொத்திக்கு மூன்றாம் பரிசு. பக்கத்து அம்மாள் செல்போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பின்வரிசைக்காரர் முணுமுணுப்பதைச் சட்டை செய்யாமல் தன் கணவரைப் படமெடுத்தாள். பொன்னாடை போர்த்தினார்கள், டாக்டர் அதைக் கழற்றுவதா வைத்துக்கொள்வதா என்று தெரியாமல் நின்றார். அடுத்து பாலூட்டிகள். பூங்கோதை இருக்கையின் நுனிக்கு வந்தாள். ஜெயித்தால் என்ன தோற்றால் என்ன, அவளுக்கும் அதற்கும் இனி என்ன இருக்கிறது என்று ஒரு குரல் கேட்க, அடியே அது நீ பார்த்த மேடுடி என்றது இன்னொன்று. முதல் பரிசு என்று அவன் பெயரைச் சொன்னபோது திரையில் அது வந்து நின்றது. விடியலுக்கு முந்திய சாம்பல் வெளிச்சம், அதே மேடு, அதே வளைந்த உடைமரம், நடுவில் கழுதைப்புலி. பிடரிமயிர் சிலிர்த்து, முன்பக்கம் உயர்ந்து பின்பக்கம் தாழ்ந்து, நேராகப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது. உயரம் மயிரிழை பிசகவில்லை. அவன் அந்தப் பெட்டியை நாலு வருஷமாக அங்குலம் மாற்றவில்லை, அவள் உயரத்துக்கு வைத்தது வைத்தபடியே இருக்கிறது என்பது அவளுக்கு மட்டும் தெரிந்தது. அவ்வளவு அழகாக அந்த அவலட்சண மிருகத்தை அரங்கத்தில் யாரும் பார்த்ததில்லை. பூங்கோதைக்குக் கண் நிறைந்துவிட்டது.

மாதேஸ்வரன் மேடையில் நின்று மைக்கை இரண்டு தடவை தட்டினான். அவனுக்குப் பேச வராது. பள்ளத்தாக்கைப் பற்றி இரண்டு வார்த்தை, வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கு நன்றி, ஜீப் ஓட்டுகிறவருக்கு நன்றி. முடிந்தது, இறங்கிவிடுவான் என்று அவள் நினைத்தாள். முடிந்தது என்பதில் ஒரு நிம்மதி கூட வந்தது, நாளைக்குப் பத்தரை மணிக்குப் போய் நின்றுவிட்டால் எல்லாம் ஓய்ந்துவிடும். ஆனால் அவன் இறங்கவில்லை. இந்தப் படத்துக்குப் பின்னால் இன்னொரு படம் இருக்குதுங்க, அதையும் காட்டச் சொல்லியிருக்கேன் என்றான். திரை மாறியது. அதே மேடு, அதே மரம், நடுவில் நாலு காலில் பூங்கோதை, நாக்கை நீட்டிக்கொண்டு. முந்நூறு பேர் சிரித்தார்கள். நல்ல சிரிப்புதான், கேலி இல்லை. "யாருங்க இந்தப் பிள்ளை, இந்தப் போடு போடுது," என்று பக்கத்து அம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பூங்கோதை சிரிக்கவில்லை. அவள் பார்த்தது முகத்தை அல்ல. பெட்டி எடுக்கும் ஒவ்வொரு படத்தின் அடியிலும் ஒரு கறுப்புப் பட்டை இருக்கும், தேதி, மணி, எத்தனை டிகிரி குளிர் என்று தானே எழுதிக்கொள்ளும். போட்டிப் படத்தில் அதை வெட்டியிருந்தார்கள். இதில் வெட்டவில்லை. ஜனவரி பதினேழு, காலை எட்டு இருபத்திரண்டு, பதினாறு டிகிரி.

நூற்றுக்கணக்கில் தவழ்ந்த படங்கள் இருக்கின்றன, அதே மேட்டிலேயே இருபதாவது இருக்கும், இது எதற்கு? முந்நூறு பேர் நடுவில் நிறுத்திக் கேட்கிறானா, பார் இதுதான் நீ செய்தது என்று? இல்லை. அவன் அப்படிப்பட்டவன் இல்லை, கோபம் வந்தால் மூலையில் போய் லென்ஸ் துடைக்கிறவன். அப்படியானால்? அப்படியானால் இது மறுபக்கம். அன்றைக்கு எடுத்த படத்தை ஒளிக்காமல், பூட்டி வைக்காமல், எல்லார் முன்னாலும் போட்டு, இதில் தப்பு ஒன்றும் இல்லை, பார் எவ்வளவு சந்தோஷமாக இருந்தாய் என்று சொல்கிறான். வாயால் சொல்லத் தெரியாதவன் படத்தால் சொல்கிறான். அவள் கேட்க வந்தது இதுதானே? கடவுளே, இதுதானே? "இந்த எடத்தைக் கண்டுபுடிச்சது, இந்த உசரத்துல கட்டச் சொன்னது, எல்லாம் இவங்கதானுங்க, பூங்கோதை. இங்கதான் எங்கியோ உக்காந்திருக்கோணும்," என்று அவன் நெற்றியில் கைவைத்து இருட்டுக்குள் தேடினான். பக்கத்து அம்மாள் திரையையும் இவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அட என்னங்க நீங்க, சொல்லவே இல்ல என்று தோளைப் பிடித்து எழுப்பிவிட்டாள். பூங்கோதை எழுந்து கும்பிட்டாள். கைதட்டல் அவள்மேல் வந்து விழுந்தது. நாளைக்குப் போக மாட்டேன். காலையில் எழுந்து வக்கீல் அம்மாவுக்குப் போன் போட்டு, வரலீங்க என்று சொல்லிவிடுவேன். எவ்வளவு சுலபம்.

வராந்தாவில் போண்டாவும் டீயும் கொடுத்தார்கள். மாதேஸ்வரன் கேடயத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஆட்களை விலக்கிக்கொண்டு அவளிடம்தான் நேராக வந்தான். கிட்டத்தில் பார்த்தால் இளைத்திருந்தான். "வந்துட்டயா. வருவேன்னு நெனைக்கவே இல்ல," என்றான். அவளுக்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும் என்று இருந்தது, அவன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று கூட இருந்தது. ஆனால் அவன் வாயிலிருந்தும் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்ற பேராசை. "அத்தனை இருக்கறப்ப அந்தப் படத்தை ஏங்க எடுத்தீங்க?" என்றாள். அவன் முகம் மலர்ந்தது. "நாக்கை நீட்டிட்டு இருக்கறதா? இருக்கறதுலயே அதுதான் நல்லா வந்திருக்குது. சனம் எப்படிச் சிரிச்சுதுன்னு பாத்தயா?" அவள் காத்திருந்தாள். இன்னும் வரும், இது முன்னுரை. அவன் டீயை ஊதிக் குடித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குச் சந்தேகம் வந்தது. ஏன், போட்டிருக்கக் கூடாதா என்று கேட்டான். அவள் மெதுவாக, "கீழ தேதி இருந்துச்சுங்க," என்றாள். அவன் புருவத்தைச் சுருக்கினான். அந்தச் சுருக்கத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும், காட்டில் ஒரு பெட்டி வேலை செய்யாதபோது வருவது. "தேதியா? தப்பா இருந்துச்சா? பேட்டரி மாத்துறப்ப சிலசமயம் அது பழைய தேதிக்குப் போயிருதுடா கோதை," என்றான்.

வராந்தாவின் சத்தமெல்லாம் எங்கோ தள்ளிப் போயிற்று. அவனுக்குத் தெரியவில்லை. அவன் எதையும் சொல்லவில்லை, எதையும் மன்னிக்கவுமில்லை, அந்த நாள் அவனிடம் இல்லவே இல்லை. அவனுக்கு மருத்துவமனை ஞாபகம் இருக்கும், அந்த இருபத்தெட்டாம் தேதி இருக்கும், அவன் அழுததை அவளே பார்த்தாள். பதினேழு இல்லை. அவன் அம்மா சொன்னது காதில் விழுந்ததோ இல்லையோ, விழுந்திருந்தாலும் பேட்டரியோடு போயிருக்கும். நாலு வருஷமாக அவன் அவளைக் குற்றம் சொன்னதே இல்லை, ஒரு நாள் கூட இல்லை. பழி போடுவதற்காவது ஒருவன் அதை நினைவில் வைத்திருக்க வேண்டுமே. அவனோடு சண்டை போட்டு, அவனுக்குப் பயந்து, அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் வீட்டைவிட்டே வந்தாள் அல்லவா, அந்த அவன் யார்? அவளே செய்து வைத்துக்கொண்டவன். அந்த எட்டடியை அவள் தனியாகவே தவழ்ந்திருக்கிறாள், இன்றுவரை. சந்தோஷப்பட வேண்டிய செய்தி இது. இவ்வளவு வலிக்கும் என்று அவள் நினைக்கவில்லை. "இல்லீங்க, தேதி சரியாத்தான் இருந்துச்சு," என்றாள். அப்பாடா என்று அவன் மூச்சுவிட்டான். பிறகு கேடயத்தை ஒரு கக்கத்திலிருந்து இன்னொரு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டு, தரையைப் பார்த்து, "நாளைக்கு... உனக்கு மனசில்லைன்னா சொல்லு. இப்பவே வக்கீலுக்குப் போன் போட்டர்றேன்," என்றான். காது மடல் சிவந்திருந்தது. முடிஞ்சா வா என்பதற்கு அதுதான் அர்த்தமாக இருந்திருக்கிறது. ஒரு மணி நேரம் முன்னால் அவன் இதைக் கேட்டிருந்தால் அவள் அங்கேயே அழுதிருப்பாள். இப்போது அவனோடு திரும்பிப் போவதென்றால் எல்லாவற்றையும் அவனுக்குச் சொல்ல வேண்டும், இந்தத் தேதியை அவன் கையில் கொடுக்க வேண்டும். சொல்லாமல் போனால் மறுபடியும் விருந்தாளிதான். அவள் நல்லவன் என்று நினைத்து நேசித்த மனுஷன் எதிரே நின்றான், நிஜமாகவே நல்லவன். "வேண்டாங்க. பத்து மணிக்கே வந்தர்றேன்," என்றாள். அவன் சரி என்று தலையாட்டினான், நிறையத் தடவை ஆட்டினான். யாரோ குரூப் போட்டோவுக்கு அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். இரண்டடி போனவன் திரும்பி, எதுக்கும் வீட்டுக்குப் போயி அந்தத் தேதியைப் பாத்தர்றேன், எழுதி வெச்சிருக்கற நோட்டு இருக்குது என்றான். அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த நோட்டில் பதினேழு இருக்கும், அதற்குச் சில வரிகள் கீழே அவன் காட்டுக்குப் போகாத நாட்கள் வெறுமையாக இருக்கும், நடுவில் பதினோரு நாள்தான் என்று எண்ணத் தெரிந்தவன் எண்ணிவிடுவான். "பாக்காதீங்க," என்றாள், கூட்டத்தில் நாலு பேர் திரும்பும் அளவுக்குச் சத்தமாக. அவன் சிரித்துக்கொண்டே கையைக் காட்டிவிட்டு, எல்லாரும் வரிசையாக நின்றுகொண்டிருந்த இடத்துக்குப் போனான்.